சுவரை அறிந்து சித்திரம் எழுதுவோம்



ஓவியமும் வடிவமைப்பும் படிக்கச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இணையத்தள வடிவமைப்பையும் நிரலாக்கத்தின் அடிப்படையையும் எதற்காகக் கற்பிக்கிறார்கள்? அவற்றை எப்படிக் கற்பித்தால் பிள்ளைகள் மிரளாமல் கற்பார்கள்? இந்த இரண்டு கேள்விகளே இன்றைய உரையின் பொருள்.

தேர்வு முடிவுகள் வெளிவந்து, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள்களில் பல வீடுகளில் ஒரே மாதிரியான உரையாடல் நடக்கும். பிள்ளை நன்றாக வரைவான். கணக்கில் மதிப்பெண் சற்றுக் குறைவு. "கணக்குதான் வரவில்லை, ஓவியமாவது படிக்கட்டும்" என்பார் மாமா. "அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கவலைப்படுவார் அம்மா. 'ஓவியமாவது' என்ற சொல்லில் உள்ள அந்த 'ஆவது' பிள்ளையின் காதில் விழுகிறது. கணக்கும் கணினியும் கெட்டிக்காரர்களுக்கு உரியவை, ஓவியம் மிச்சம் இருப்பவர்களுக்கு உரியது என்று அவன் மனத்தில் பதிந்துவிடுகிறது.

அந்த எண்ணத்தோடு பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ கலைக் கல்லூரிக்கோ செல்லும் பிள்ளை, பாட அட்டவணையைப் பார்க்கிறான். வரைதல், வண்ணக் கோட்பாடு, எழுத்துருக் கலை ஆகியவற்றோடு இணைய வடிவமைப்பும் இருக்கிறது. முதல் வகுப்பில் திரை முழுக்க அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும் ஆங்கிலச் சுருக்கங்களும். எதிலிருந்து தப்பித்து வந்ததாக நினைத்தானோ, அதுவே கதவைத் தட்டுகிறது. சிலர் அந்தப் பாடத்தை எப்படியோ கடந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சிலர் நண்பன் எழுதிய நிரலை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் கல்லூரியையே வெறுக்கத் தொடங்குகிறார்கள். இது பாடத்தின் குற்றமா, பிள்ளையின் குற்றமா? இரண்டும் இல்லை. 'உனக்கு வராது' என்று முன்கூட்டியே குத்தப்பட்ட முத்திரையின் குற்றம் அது.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேணச் சொல்லும்போது பெரியவர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். கலை மாணவர்களுக்கோ இந்தப் பழமொழி நேரடியாகவே பொருந்தும்.

எந்தக் கலைஞரும் தம்முடைய பொருளை அறிந்தவர். சுவரோவியம் எழுதுபவருக்குச் சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் தெரியும். பாத்திக் கலைஞருக்கு மெழுகு எந்தச் சூட்டில் துணிக்குள் இறங்கும் என்பது தெரியும். அச்சுக்கு வடிவமைப்பவருக்குச் செய்தித்தாளில் மை பரவும், பளபளப்புத் தாளில் அதே மை கூர்மையாக நிற்கும் என்பது தெரியும். அவர்கள் யாரும் சுண்ணாம்புச் சூளை வைத்திருக்க வேண்டியதில்லை, தாள் ஆலை நடத்த வேண்டியதில்லை. ஆனால் தாங்கள் வேலை செய்யும் பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையத்தை வடிவமைப்பவருக்கு அந்தச் சுவர் எது? உலாவியும் அதைப் பேச வைக்கும் நிரலும்தான். அந்தச் சுவருக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அதற்கு அளவே கிடையாது. 'ஏ4' தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். யார் கையில் எடுத்தாலும் அது மாறாது. இணையப் பக்கமோ கைத்தொலைபேசியில் ஒல்லியாகவும் மடிக்கணினியில் அகலமாகவும் விரியும். கண் மங்கிய பாட்டி எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் நீண்டுகொள்ளும். 2010ஆம் ஆண்டில் ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், திரைக்கு ஏற்றாற்போல் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று உலகெங்கும் அதுவே நடைமுறையாகிவிட்டது.

இதை அறியாத மாணவன் என்ன செய்கிறான்? லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் உணவகத்துக்கு இணையப் பக்கம் அமைக்கச் சொன்னால், அழகான சுவரொட்டி ஒன்றை வரைகிறான். உணவு வகைகள், விலை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அந்தப் படத்துக்குள் எழுதி, ஒரே படமாக இணையத்தில் ஏற்றிவிடுகிறான். பெரிய திரையில் பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது. கைத்தொலைபேசியில் எழுத்துகள் எறும்பு வரிசையாகிவிடுகின்றன. எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. தேடுபொறி அந்த உணவு வகைகளின் பெயரைச் சரியாக அறிந்துகொள்ளும் என்ற உறுதி இல்லை. பார்வையற்றவரின் கருவி அந்தப் பக்கத்தைப் படிக்க முயன்றால், 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். அவன் வரைந்த சித்திரத்தில் குறை இல்லை. சுவர் எப்படிப்பட்டது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று மொழிகள், மூன்று வேலைகள்

அந்தச் சுவரை அறிய மலைபோல் படிக்க வேண்டுமா என்றால், இல்லை. அடிப்படை மூன்றுதான்: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட்.

ஒரு திருமண அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். மணமக்கள் பெயர், நாள், முகூர்த்த நேரம், மண்டபம் ஆகியவை செய்தி. எது மணமகள் பெயர், எது முகவரி என்று பிரித்துச் சொல்வது எச்டிஎம்எல்லின் வேலை. மஞ்சள் தாளா, சிவப்புத் தாளா, பொன் விளிம்பா, எழுத்து எந்த அளவு என்று முடிவு செய்வது சிஎஸ்எஸ். அழைப்பிதழின் மடிப்பைத் திறந்தால் உள்ளே மண்டபத்துக்கு வழி தெரிவதுபோல், தொட்டால் விரிவதும் அழுத்தினால் அசைவதும் ஜாவாஸ்கிரிப்ட்டின் வேலை.

இவை மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989ஆம் ஆண்டு உலகளாவிய வலையை முன்மொழிந்தார். ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே அப்போதைய நோக்கம். அழகைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1994ஆம் ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த ஹோக்கன் வியும் லீ, தோற்றத்தைக் கவனிக்கத் தனியாக ஒரு மொழி வேண்டும் என்று சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது முறையான பரிந்துரையாக வெளிவந்தது. 1995ஆம் ஆண்டில் ஜாவாஸ்கிரிப்ட்டும் பிறந்திருந்தது.

செய்தி வேறு, தோற்றம் வேறு என்ற இந்தப் பிரிவினையைக் கலை மாணவர்களுக்குப் புரிய வைக்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2003ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர், 'சிஎஸ்எஸ் ஸென் கார்டன்' என்ற தளத்தைத் தொடங்கினார். ஒரே ஓர் எச்டிஎம்எல் பக்கத்தை அவர் எல்லோருக்கும் கொடுத்தார். அதில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது, சிஎஸ்எஸ்ஸை மட்டும் அவரவர் விருப்பப்படி எழுதலாம் என்பது விதி. பல நாடுகளிலிருந்து வடிவமைப்பாளர்கள் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பக்கங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோல் இருக்கும். உள்ளே இருக்கும் சொற்களோ ஒன்றேதான். ஒரே பாடலை வெவ்வேறு இராகத்தில் கேட்பது போன்ற அனுபவம் அது. நிரல் என்பது கலைக்குப் பகை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு, இதைக் காட்டினால் கண் திறக்கும்.

வகுப்பறையில் எப்படித் தொடங்குவது?

கற்பிக்கும் முறையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. கணினிப் பிரிவு மாணவர்களுக்குத் தயாரித்த பாடத்தை அப்படியே கலைப் பிரிவுக்குக் கொண்டுவந்து கொட்டினால் பயன் இல்லை. கலை மாணவர்களிடம் ஏற்கெனவே ஒரு செல்வம் இருக்கிறது. அது பயிற்சி பெற்ற கண். அந்தக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வகுப்புக்குக் கணினியே வேண்டாம். ஆளுக்கு ஒரு செய்தித்தாள் பக்கமும் நான்கு வண்ணப் பென்சில்களும் போதும். தலைப்பைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், துணைத்தலைப்புக்கு நீலம், பத்திக்குப் பச்சை, படக்குறிப்புக்கு மஞ்சள் என்று குறிக்கச் சொல்லலாம். "இது தலைப்பு என்று எப்படித் தெரிந்தது?" என்று ஆசிரியர் கேட்டால், "எழுத்து பெரிதாக இருக்கிறது" என்பார்கள். "கண் தெரியாதவருக்கு இதைப் படித்துக் காட்டினால், தலைப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியாக வேண்டும் என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும். அடுத்த வகுப்பில் அதே பென்சில் கட்டங்கள் எச்டிஎம்எல்லின் குறிச்சொற்களாக மாறுகின்றன.

பிறகு பெட்டிகள். இணையப் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு உள் இடைவெளி, விளிம்பு, வெளி இடைவெளி என மூன்று அடுக்குகள் உண்டு. புதியவர்கள் இதில் குழம்புவார்கள். கண்காட்சிக்கூடத்தில் படம் மாட்டிப் பழகிய மாணவனுக்கோ இது ஒரு நிமிடத்துப் பாடம். ஓவியத்துக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள வெள்ளை அட்டை உள் இடைவெளி. சட்டம்தான் விளிம்பு. அடுத்த ஓவியம்வரை விட்டிருக்கும் சுவர் வெளி இடைவெளி.

வண்ணத்திலும் அப்படியே. திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். 256ஐ மூன்று முறை பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். தட்டில் சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் கலந்தால் மண்ணிறம் வரும் என்பது ஓவிய மாணவனுக்குத் தெரியும். திரையில் சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0 என்று எழுதினால் பளிச்சென்று மஞ்சள் வருகிறது. சாயம் வேறு, ஒளி வேறு என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் இவ்வளவு விரைவாகச் சொல்லிக்கொடுக்காது.

கட்டக்கோடுகளும் அவர்களுக்குப் பழக்கமானவையே. சுவிட்சர்லாந்தின் யோசெப் முல்லர் புரோக்மன், கட்டமைப்பு முறைகளைப் பற்றி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை இன்றும் வடிவமைப்பு மாணவர்கள் படிக்கிறார்கள். அவர் தாளில் செய்ததைத் திரையில் செய்ய உதவும் 'கிரிட்' வசதி, 2017ஆம் ஆண்டில்தான் முக்கிய உலாவிகளில் பரவலாக வந்தது. அதற்குத் தேவைப்படும் கணக்கு கூட்டல், கழித்தல், வகுத்தல், விழுக்காடு. அவ்வளவுதான். 'கணக்கு வராது' என்று ஒதுங்கிய பிள்ளையும் அதைச் செய்துவிட முடியும்.

பிழை என்பது அவமானம் அல்ல

ஆனாலும் ஓரிடத்தில் கலை மாணவர்கள் தடுமாறுவார்கள். அது பிழையைச் சந்திக்கும் இடம். நீர்வண்ண ஓவியத்தில் தூரிகை சற்று வழுக்கினால் அது ஒரு மேகமாகிவிடலாம். சிஎஸ்எஸ்ஸில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், உலாவி அந்த இடத்தை மௌனமாகத் தாண்டிப் போய்விடுகிறது. திட்டுவதும் இல்லை, காரணம் சொல்வதும் இல்லை. நீலமாக வர வேண்டிய தலைப்பு கறுப்பாகவே நிற்கிறது. மாணவன் பத்து நிமிடம் பார்க்கிறான். 'எனக்கு இது வராது' என்ற பழைய முத்திரை மீண்டும் மேலே வருகிறது.

நல்ல ஆசிரியர் அந்த நேரத்தில் சுட்டெலியைப் பிடுங்கித் தாமே சரிசெய்துவிட மாட்டார். தேடும் முறையைக் கற்றுக்கொடுப்பார். உலாவியிலேயே உள்ள ஆய்வுக் கருவியைத் திறந்து, எந்த வரி வேலை செய்கிறது, எந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். பாதி நிரலைத் தற்காலிகமாக மறைத்து, பிழை மேல் பாதியிலா கீழ்ப் பாதியிலா என்று கண்டுபிடிக்கச் சொல்வார். இரண்டு மூன்று முறை தானே பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மாணவன் பிறகு அஞ்சுவதில்லை.

இன்னும் சில பிழைகள் மிகச் சாதாரணமானவை. வீட்டுக் கணினியில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போகும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பெரிய எழுத்தாகவும், நிரலில் அதுவே சின்ன எழுத்தாகவும் இருந்திருக்கும். விண்டோஸ் கணினி அதைப் பொருட்படுத்தாது. இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை இரண்டையும் வேறு வேறு பெயராகவே கருதும். இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ கண்ணீரைத் தவிர்க்கலாம்.

கலைக் கல்வியில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. எல்லாருடைய படைப்பையும் சுவரில் மாட்டி, கூடி நின்று குறைநிறை பேசுவார்கள். அதை இங்கேயும் தொடர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேருடைய கைத்தொலைபேசிகளில் திறந்து பார்க்க வேண்டும். எழுத்தை இரு மடங்காகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். உடைந்துபோனால் ஏன் உடைந்தது என்று பேச வேண்டும். மதிப்பெண்ணும் இறுதிப் பக்கத்துக்கு மட்டும் அல்லாமல், அதைத் திருத்தி வந்த வழிக்கும் கிடைக்க வேண்டும்.

கோலத்துக்குள் இருக்கும் நிரல்

இணையப் பக்கம் அமைத்துப் பழகிய பிறகு, நிரலைக்கொண்டே வரையும் நிலைக்குச் செல்லலாம். இதற்கென்றே கலைஞர்களுக்காக உருவாக்கப்பட்ட கருவிகள் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ஜான் மேடாவிடம் பயின்ற கேசி ரியாஸ், பென் ஃபிரை இருவரும் 2001ஆம் ஆண்டில் 'பிராசசிங்' என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். ஓவியரும் வடிவமைப்பாளரும் எளிதாக நிரல் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர் லாரன் மெக்கார்த்தி என்ற கலைஞர், அதை உலாவியிலேயே பயன்படுத்தும் வகையில் 'பி5' என்ற வடிவத்தை உருவாக்கினார். அதில் ஒரு வரி எழுதினால் ஒரு வட்டம் வந்துவிடும். 'இதையே நூறு முறை, ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி' என்று எழுதினால் ஒரு கோலமே விரியும்.

கோலம் என்று சொல்வது வெறும் உவமை அல்ல. வரிசைக்கு இத்தனை புள்ளி, ஓரம் வந்தால் திரும்பு, புள்ளியைச் சுற்றி வளை, தொடங்கிய இடத்தில் முடி என்று விதிகளின்படி நடப்பது கோலம். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி முதலிய அறிஞர்கள், கோலத்தை உருவாக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணமாகவே எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினியையே தொட்டிராத பாட்டி, பொழுது விடியும் முன் வாசலில் இட்ட கோலத்தில் திரும்பத் திரும்ப இயங்கும் ஒரு நிரல் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைக்கு நிரல் வராது என்று எப்படிச் சொல்வது?

தமிழும் இந்த உறவை முன்பே சொல்லிவைத்திருக்கிறது. சித்திரம் எழுதுவது, ஓவியம் எழுதுவது என்பதே பழைய வழக்கு. கவிதைக்கும் ஓவியத்துக்கும் ஒரே வினைச்சொல்லைக் கொடுத்த மொழி நம்முடையது. நிரலையும் இன்று எழுதுவதாகவே சொல்கிறோம்.

தமிழ் எழுத்துக்கு ஓர் ஆள் தேவை

நேயர்களே, இந்தப் பாடத்தில் தமிழ்ச் சமூகத்துக்கென்று ஒரு தனி அக்கறையும் இருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் அறிவிப்புப் பலகைகளிலும் சுவரொட்டிகளிலும் இணையப் பக்கங்களிலும் தமிழ் இடம்பெறுகிறது. அவ்வப்போது கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாகச் சிதைந்து அது நிற்பதைப் பார்த்து வாசகர்கள் வருந்துவதும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு ஏன் இப்படி நேர்கிறது?

யூனிகோடு முறையில் 'கொ' என்பது முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில், அல்லது அதற்கான அமைப்பை இயக்காமல், தமிழை ஒட்டினால் எழுத்து உடைகிறது. இதை அறிந்த வடிவமைப்பாளர் ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்தால், அச்சுக்குப் போகும் முன்பே பிடித்துவிடுவார். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், அனுப்பிய எழுத்தும் திரையில் வந்த எழுத்தும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது அவருக்குத் தோன்றும்.

இணையப் பக்கத்தில் வேறு சிக்கல்களும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானுக்குள் 'விண்ணப்பிக்கவும்' என்ற சொல் அடங்காது. மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கு இடையே சற்றுக் கூடுதல் இடம் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டால், படித்துக் காட்டும் கருவி தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். இவையெல்லாம் ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொள்ளக்கூடியவை.

இத்துறையில் வழிகாட்டிகளுக்கும் பஞ்சம் இல்லை. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுதியவர். கணினியில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர். 1995ஆம் ஆண்டில் அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ் இடம்பெற்றதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர், எழுத்துருக்களையும் வரைந்தவர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பெயரில் வரும் 'எம்என்' அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. வரையும் கையும் நிரல் எழுதும் கையும் ஒருவரிடமே இருந்ததால் தமிழுக்குக் கிடைத்த பயன் அது.

இயந்திரமே எழுதிக் கொடுக்கும் காலத்தில்

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அதன் பிறகு, 'ஒரு பூக்கடைக்கு இணையப் பக்கம் வேண்டும்' என்று கேட்டாலே நிரலை எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்டன. அப்படியிருக்க, பிள்ளைகள் இதைக் கற்க வேண்டுமா?

இணையத்தின் சென்ற காலத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஃபிளாஷ் மென்பொருள் கொடிகட்டிப் பறந்தது. அசைவும் ஒலியும் நிறைந்த பக்கங்களை அதில்தான் செய்தார்கள். எத்தனையோ மாணவர்கள் அதை மட்டும் கற்றார்கள். அதை உருவாக்கி வந்த நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. கருவியை மட்டும் கற்றவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பக்கம் எப்படி அமைகிறது, அசைவு எதற்காக, படிப்பவர் யார் என்று அடிப்படையைக் கற்றவர்கள் அடுத்த கருவிக்குச் சென்றார்கள். இன்று புகழோடு இருக்கும் கருவிகளுக்கும் ஒருநாள் இதே நிலை வரலாம்.

இயந்திரம் எழுதிக் கொடுக்கும் நிரல் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வைத்திருக்கலாம். வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக இணைய அணுக்க விதிமுறை. பொத்தான்போல் தெரிவது உண்மையான பொத்தானாக இல்லாமல், விசைப்பலகையால் இயக்க முடியாததாக இருக்கலாம். படத்துக்கு விளக்கச் சொல் இல்லாமல் இருக்கலாம். இவற்றை யார் கண்டுபிடிப்பது? படிக்கத் தெரிந்தவர்தான். கடிதத்தை வேறொருவர் எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்து இடுபவர் படித்துப் பார்த்துத்தானே இட வேண்டும்? ஆகவே, நிரலை எழுதும் தேவை குறைந்தாலும் நிரலைப் படித்து நிறுத்துப் பார்க்கும் தேவை கூடியிருக்கிறது.

கல்லூரிகளுக்கும் பெற்றோருக்கும்

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கலை மாணவர்களை முழுநேர நிரலாளர்களாக்குவது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல. வரையும் நேரத்தைப் பறித்து நிரலுக்குக் கொடுத்தால், அவர்களுடைய தனிப்பலமே போய்விடும். சிறிதாக ஒன்றை முழுமையாகச் செய்தால் போதும். மூன்று பக்கங்கள், சில படங்கள், எந்தத் திரையிலும் உடையாத அமைப்பு, எல்லாரும் படிக்கக்கூடிய எழுத்து. இதைத் தானே எழுதித் தானே இணையத்தில் ஏற்றிய மாணவன், நாளை ஒரு நிறுவனத்தில் நிரலாளரோடு சமமாக உட்கார்ந்து பேச முடியும். "இது முடியாது" என்று அவர் சொன்னால், ஏன் முடியாது என்று கேட்கவும் முடியும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. நிரல் எழுதும் மென்பொருளும் உலாவியும் இலவசம். சாதாரண மடிக்கணினியே போதும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர்களே இன்று பள்ளியில் நிரலாக்கத்தைச் சுவைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு இது முற்றிலும் புதியதும் அல்ல.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கலைப் படிப்பை 'ஆவது' என்ற சொல்லோடு இனிச் சேர்க்க வேண்டாம். 1938ஆம் ஆண்டில் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய லசால் கலைக் கல்லூரியும் 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்தன. கலைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் அமைத்த நாட்டில், கலை கற்பவர் எவரும் மிச்சம் மீதி அல்லர்.

பிள்ளை வீடு திரும்பியதும், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நீ செய்த பக்கத்தின் முகவரி என்ன?" என்று கேளுங்கள். அதை உங்கள் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கே படிக்க முடியவில்லை, எதைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் வாசகர் நீங்களாக இருங்கள்.